நாலு மணி முதல் ஒன்பது மணி வரை

மின்கட்டண உதவி மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு,

பயிற்சி நாளில் வந்து பேசச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பேச எழுந்தால் நான் எங்கெங்கோ போய், சொல்ல வேண்டியதை விட்டுவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். திட்டங்களை எப்படி ஒப்பிடுவது என்பதை மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது, ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடங்களுக்கு முந்திய குளிர்காலத்தில் நான் செய்த ஒரு பிழை. அதற்குக் காரணம் பொறாமை. வேறு கௌரவமான பெயர் ஏதும் வைக்கலாமா என்று பல தடவை யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

அப்போது நம்முடைய மேசை, நம் சனம் புலம்பெயர்ந்து வந்த இந்த நகரின் வோபர்ன் பகுதியில், ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு மருந்துக்கடை, பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை. காலை பத்து மணிக்கே கொத்துரொட்டி மணம் படியேறி வரும். நான் அதற்கு முன் ஒரு மின்சாரக் கம்பனியின் தொலைபேசிப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன். பில்லில் உள்ள ஒவ்வொரு வரியும் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. வீட்டு மீற்றர் மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பதிந்து வைக்கும் மின்பாவனை அளவை இறக்கி, கணினியில் நானே செய்த ஒரு கணக்குத் தாளில் போட்டால், மூன்று திட்டங்களுக்கும் மூன்று தொகை வரும். எது சின்னதோ அதற்கு ஒரு வட்டம். பத்து நிமிடத்தில் ஆளை அனுப்பிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஜெசிந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தது எனக்குப் பிறகு. மன்னார்ப் பக்கம். என்னைவிட இருபது வயது இளையவர். அதற்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தவர். பில்லை நான்தான் வரிவரியாகப் படிப்பித்தேன். ஒரு மாதத்தில் பிடித்துவிட்டார். ஆனால் ஒரு ஆளோடு அரை மணித்தியாலம் இருப்பார். பில்லைக் கையில் எடுக்கவே பாதி நேரம் போகும். காலமை எத்தனை மணிக்கு எழும்புவீங்கள், பின்னேரம் வீட்டில ஆர் நிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது எந்த நாள், இப்படி ஏதோ கல்யாணம் பேசப் போன இடம் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அது நேரவிரயமாகத் தெரிந்தது.

ஆறு மாதம் போகவில்லை, வருகிறவர்கள் அவரைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு முதியவர் வந்து கதிரையில் உட்கார்ந்தார். ஜெசிந்தாவின் முன்னால் ஒருவர் இருந்தார், இன்னும் இருவர் காத்திருந்தார்கள். என் மேசை வெறுமையாக இருந்தது. "வாங்கோ ஐயா, நான் பாக்கிறன்" என்றேன்.

"இல்லைத் தம்பி, உந்தப் பிள்ளை முடிக்கட்டும். எனக்கு அவசரமில்லை."

ஒன்றேகால் மணித்தியாலம் இருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன் என்பதால்தான் இது எனக்குத் தெரியும். அவருக்கு எதிரே, வெறும் மேசையில், பழைய கடிதங்களை அடுக்கிக் குலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஜெசிந்தாவுக்கு ரோல்ஸ் கொண்டுவந்தார்கள், நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்தார்கள். அவர் முதல் துண்டை எனக்குத்தான் நீட்டுவார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. மதிய இடைவேளையில் அவர் கீழே போனதும் அவருடைய கணக்குகளைத் திறந்து பிழை தேடுவேன். ஒருமுறை ஒன்று கிடைத்தது. ஒரு தள்ளுபடியை இரண்டு தடவை கழித்திருந்தார். அதை அவரிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். மேலாளர் பக்கத்தில் நின்ற நேரம் பார்த்துச் சொன்னேன். "நல்ல காலம் அண்ணை பாத்தது, இல்லாட்டி அந்தச் சனத்துக்கு வில்லங்கமா முடிஞ்சிருக்கும்" என்றார் ஜெசிந்தா, உண்மையான நிம்மதியோடு. பிழை பிடித்த சந்தோசம் அதோடு போய்விட்டது.

ஜனவரியில் அவர் மூன்று வாரம் லீவு எடுத்து, தமக்கையின் மகளின் கல்யாணத்துக்காக மன்னாருக்குப் போனார். அந்த மூன்று வாரமும் என் மேசை நிறைந்திருந்தது. அவர் இல்லாததால்தான் என்று தெரிந்தும் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

புஷ்பமக்கா வந்தது அப்போதுதான். மில்லிக்கனில் மகனின் வீட்டில் இருப்பவர், எழுபது வயது தாண்டியிருக்கும். பனிச் சப்பாத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, கால்மேசோடு வந்து ஜெசிந்தாவின் வெற்றுக் கதிரையைப் பார்த்தபடி நின்றார்.

"அந்தப் பிள்ளை இல்லையோ தம்பி?"

"லீவில அக்கா. என்ன விசயம்?"

"பெரிசா ஒண்டுமில்லை. பில் கொஞ்சம் கூடியிருக்கு. அவ வரட்டும், நான் பிறகு வாறன்."

"இருங்கோ அக்கா. ரெண்டு நிமிசம்."

அவருடைய விபரங்களைத் திறந்தேன். முந்திய வருடம் ஜெசிந்தா அவர்களைப் படிவிலைத் திட்டத்தில் போட்டிருந்தார். நீங்கள் இப்போது படித்திருப்பீர்கள்: அதில் நேரம் ஒரு கணக்கில்லை. மாதத்தில் ஒரு அளவு மட்டும் ஒரு விலை, அதற்கு மேலே போனால் கூடிய விலை. அதன் கீழே ஜெசிந்தா ஒரு வரி எழுதியிருந்தார்: "நேரக் கணக்கு இந்த வீட்டுக்குச் சரிவராது." காரணம் எழுதவில்லை.

மீற்றர் பதிவை இறக்கிப் பார்த்தேன். மகன் ஒரு மின்சாரக் கார் வைத்திருந்தார். ஒஷாவாவுக்கு வேலைக்குப் போய் வந்து, ஒவ்வொரு நாளும் நடுச்சாமத்துக்குப் பிறகு சார்ஜ் ஏறும்படி விட்டிருந்தார். பாவனையில் பெரும்பகுதி அந்த நேரத்தில்தான். சாமத்தில் மிக மலிவாகத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறதே, அது இந்த வீட்டுக்கென்றே செய்தது போல இருந்தது. அதிலுள்ள ஒரே ஒரு வில்லங்கம், சனி ஞாயிறு தவிர்ந்த கிழமை நாட்களில் பின்னேரம் நாலு மணியிலிருந்து ஒன்பது மணிவரை விலை எக்கச்சக்கம். அதையும் சேர்த்துப் போட்டேன். அப்படியும் வருடத்துக்கு ஒரு நல்ல தொகை மிச்சம் வந்தது.

ஜெசிந்தாவின் வரியை மறுபடி பார்த்தேன். "சரிவராது" என்பதை, அவருக்கு நேரக் கணக்குப் போட வரவில்லை என்று வாசித்தேன். அப்படி வாசிக்க எனக்கு விருப்பமாக இருந்தது. அவருடைய வாட்ஸப் இலக்கம் என்னிடம் இருந்தது. மன்னாரில் இருந்து கல்யாணவீட்டுப் படங்கள்கூட அனுப்பியிருந்தார். கேட்டு ஒரு செய்தி அனுப்ப அரை நிமிடம் ஆகியிருக்காது.

"அக்கா, உங்களை அவ வேற பிளானில விட்டிருக்கிறா. இதுக்கு மாறினா எவ்வளவு மிச்சம் எண்டு பாருங்கோ" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன்.

புஷ்பமக்கா தொகையைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை வேண்டாமெண்டு சொன்னதாக்கும்" என்றார் மெதுவாக.

"அவ புதுசுதானே அக்கா."

இதை நான் சொன்னேன். ஒன்றரை வருடம் வேலை செய்த ஒருவரைப் பற்றி.

மீற்றர் பதிவில் இன்னொன்றும் இருந்தது. இரவும் பகலும், ஒரு மணித்தியாலமும் விழாமல், ஒரே அளவில் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது. நிலக்கீழறையில் பழைய பிரீசர் ஏதும் இருக்கும் என்று நானே முடிவுசெய்தேன். கேட்கவில்லை. ஒரு தாளில் நாலு தொடக்கம் ஒன்பது என்று சிவப்புப் பேனையால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.

"இந்த அஞ்சு மணித்தியாலம் வீட்டில ஒண்டும் ஓடாமல் இருந்தா உங்களுக்குத்தான் லாபம் அக்கா."

அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். மகனோடு கதைத்து, அடுத்த நாள் விண்ணப்பத்துக்கு ஓம் சொன்னார். அடுத்த பில் காலத்திலிருந்து திட்டம் மாறியது.

ஜெசிந்தா திரும்பி வந்த அன்று எல்லோருக்கும் மஸ்கற் இனிப்புக் கொண்டுவந்திருந்தார். "என்ர ஆக்கள் ஆரும் வந்தவையோ அண்ணை?" என்று கேட்டார். 'என்ர ஆக்கள்' என்ற சொல் எனக்குள் சுருக்கென்று குத்தியது. "ரெண்டு மூண்டு பேர் வந்தவை. சின்னச் சின்ன விசயம்" என்றேன்.

நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புஷ்பமக்காவின் திட்டத்தை மாற்றியது பிழை. இந்தப் பதில் அதைவிடப் பெரிய பிழை. நான் அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் உடனே தொலைபேசியை எடுத்திருப்பார், மேற்கொண்டு நான் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது.

வியாழக்கிழமைகளில் நாங்கள் ஏழு மணிவரை திறந்திருப்போம். பெப்ரவரி கடைசியில் ஒரு வியாழன், ஐந்தரை இருக்கும், என் மேசைத் தொலைபேசி அடித்தது. புஷ்பமக்கா.

"தம்பி, ஒரு சின்னக் கேள்வி. நாளைக்கு வெள்ளிக்கிழமை. அது சனி ஞாயிறு கணக்கில வருமோ?"

"இல்லை அக்கா. வெள்ளியும் கிழமை நாள்தான். சனியும் ஞாயிறும்தான் அந்தக் கூடின விலை இல்லை."

"அப்ப நாளைக்கும் பொறுக்கவேணும்" என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல.

"என்னத்தைப் பொறுக்கவேணும்?"

"இல்லை, இவருக்கு நாலு மணிக்குப் பிறகு கொஞ்சம் இழுக்குது. ஒன்பதுக்குப் போட்டவுடன சரியாயிடும். இண்டைக்குக் கொஞ்சம் கூட."

"என்னத்தை அக்கா ஒன்பதுக்குப் போடுறது?"

"மூச்சு மெஷின் தம்பி. ஒட்சிசன் குடுக்கிறது."

மீற்றர் பதிவில் பார்த்த அந்த விழாத கோடு. அது பிரீசர் இல்லை. புஷ்பமக்காவின் கணவர், சண்முகம் என்ற ஒரு மனிதர், மூச்சு விடுவது.

"அக்கா, இப்பவே மெஷினைப் போடுங்கோ. இந்த நிமிசம்."

"இப்ப அஞ்சரைதானே தம்பி. நீங்கள்தானே ஒண்டும் ஓட விடாதேங்கோ எண்டனீங்கள். இவர் தாளைப் பாத்துக்கொண்டு இருக்கிறார், போட விடமாட்டார்."

"நான் சொன்னது பிழை அக்கா. போடுங்கோ."

"ஒன்பது மட்டும் சமாளிப்பன் எண்டுறார்."

கரண்ட் போனால் பாவிக்க ஒரு சிலிண்டர் இருக்குமே என்று கேட்டேன். அது அவசரத்துக்கு என்று சொல்லித் தந்தது, அதைத் தொடவில்லை என்றார். நான் என்ன சொன்னாலும் நான் முன்பு சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னார். பின்னால் இருமலும், இருமலுக்கு நடுவே ஒரு விசில் போன்ற இழுப்பும் கேட்டது.

ஜெசிந்தா என் வலதுபக்கம், கைக்கெட்டும் தூரத்தில், யாருடைய பில்லையோ மடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் புஷ்பமக்கா கேட்பார் என்று எனக்குத் தெரியும். தொலைபேசியைக் கொடுத்தால் நான் செய்ததெல்லாம் அந்த நொடியே வெளிச்சத்துக்கு வரும் என்பதும் தெரியும். என் பேச்சைக் கேட்காத ஒரு பெண் அவருடைய பேச்சைக் கேட்பதை நான் பக்கத்தில் இருந்து பார்க்கவும் வேண்டும். நான் இன்னும் ஒருமுறை முயன்றேன். "அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ" என்று தொடங்கி, ஒரு நிமிடம் வரை பேசினேன். அந்த ஒரு நிமிடத்துக்கு என்னிடம் நியாயம் இல்லை. அங்கே ஒருவருக்கு மூச்சு எடுக்க முடியாமல் இருந்தது. நான் இங்கே என் மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தொலைபேசியை நீட்டினேன். "மில்லிக்கன் புஷ்பமக்கா. மெஷினை நிப்பாட்டி வச்சிருக்கினம். நான் பிளானை மாத்தினனான்."

ஜெசிந்தா என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக் காதில் வைத்தார்.

"அன்ரி, ஜெசிந்தா கதைக்கிறன். அங்கிளுக்குப் பக்கத்திலயோ நிக்கிறீங்கள்? அந்தத் தாளைக் கிழியுங்கோ. ஓம், கிழியுங்கோ. இப்ப மெஷினைப் போடுங்கோ. போனைக் கீழ வைக்காதேங்கோ, எனக்குச் சத்தம் கேக்கவேணும்."

ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினார். ஏதோ உரசும் ஓசை. பிறகு இயந்திரம் ஒரு பீப் சத்தத்தோடு தொடங்கி, ஊ என்று ஓடத் தொடங்கியது.

"அங்கிளின்ர வாயைப் பாருங்கோ, சொண்டு என்ன நிறம் அன்ரி?"

"கொஞ்சம் நீலமாக் கிடக்குப் பிள்ளை."

அதற்குள் நான் என் கைபேசியில் அம்புலன்ஸை அழைத்திருந்தேன். விலாசத்தைத் திரையில் பார்த்துச் சொன்னேன். அன்றைக்கு நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அது. அவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை ஜெசிந்தா புஷ்பமக்காவோடு கதைத்துக்கொண்டே இருந்தார். கதவைத் திறந்துவிட்டு வந்து கதையுங்கோ என்றார். மகனுக்குச் சொன்னதும் அவர்தான்.

தொலைபேசியை வைத்தபிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

"நீர் லீவில."

"லீவில எண்டாப்போல? பதில் எழுதியிருப்பன்."

அப்போதும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "நீர் காரணம் ஒண்டும் எழுதி வைக்கேல்லையே" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம். அது என்ர பிழைதான். எழுதியிருக்கவேணும்" என்றார்.

சண்டை பிடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தன் பங்குப் பிழையை ஒரு மூச்சில் ஒப்புக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பிவிட்டார். அப்படி ஒப்புக்கொள்ள எனக்கு வராது என்பது புரிந்தது. அந்த வேளையிலும், ஒரு மனிதர் அம்புலன்ஸில் போய்க்கொண்டிருந்த வேளையிலும், அதற்கும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

அடுத்த நாள் மேலாளர் நடந்ததை எழுதித் தரச் சொன்னார். முதலில் எழுதியதில் "கோப்பிலிருந்த குறிப்பு தெளிவாக இருக்கவில்லை" என்று ஒரு வசனம் இருந்தது. பொய் இல்லை. அந்த வசனத்துக்குப் பலம் சேர்க்க ஏதும் விபரம் கிடைக்குமா என்று ஜெசிந்தாவின் கோப்பை முழுதாகத் திறந்தேன். குறிப்புக்குக் கீழே, நான் ஜனவரியில் திறக்காத ஓர் இணைப்பு இருந்தது. மூன்று திட்டங்களுக்கும் கணக்குப் போட்டிருந்தார். சாமத் திட்டத்துக்கு வந்த மிச்சம் கிட்டத்தட்ட நான் கண்டுபிடித்த அதே தொகை. அவருக்குக் கணக்கு வராமல் இல்லை. கணக்குப் போட்டு, பார்த்து, வேண்டாம் என்று விட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"போன வருசம் அங்கிளும் வந்தவர்" என்றார் ஜெசிந்தா. "அன்ரி பில்லைப் பற்றிக் கேட்டவ. அங்கிள் ஒண்டே ஒண்டுதான் கேட்டவர். பிள்ளை, என்ர மெஷின் எவ்வளவு கரண்ட் தின்னும் எண்டு. மகனுக்குப் பாரமா இருக்கிறன் எண்டு நினைக்கிற ஆளுக்கு விலை கூடின நேரம் எண்டு ஒண்டைக் காட்டக்கூடாது அண்ணை. அவர் தன்னைத்தான் நிப்பாட்டுவார்."

நான் என் மேசைக்குத் திரும்பிப் போய், அந்த வசனத்தை எடுத்துவிட்டு, அவருடைய குறிப்பைப் பார்த்தும் கேட்காமல் மாற்றினேன், பிறகு அவர் கேட்டபோது மறைத்தேன் என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் வாசித்துவிட்டு, "ஏன் மறைத்தீர்கள் என்று இதில் இல்லையே" என்றார். பொறாமை என்று வாயால் சொன்னேன். எழுதச் சொல்லவில்லை. மூன்று மாதம் என் முடிவுகளை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும் என்று முடிவானது. அந்த இன்னொருவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதிலிருந்து நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பொறாமை வந்தால் வெட்கப்பட்டுக்கொண்டிருக்காதீர்கள், அது யாருக்கும் வரும். ஆனால் உங்களைவிட ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்று வயிறு எரியும்போது, அவருடைய வேலையில் பிழை தெரிந்தால், அந்தப் பிழையை நம்பாதீர்கள். நேரே அவரிடம் போய்க் கேளுங்கள். யாரிடம் கேட்க ஆகவும் விருப்பமில்லையோ, பெரும்பாலும் அவரிடம்தான் உங்களுக்குத் தேவையான பதில் இருக்கும். பெரியவர் உயிர் பிழைத்தார் என்பதால்தான் என்னால் இதை இவ்வளவு ஆறுதலாக எழுத முடிகிறது. அதற்கு நான் காரணமில்லை.

அவர் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தார். திட்டத்தைப் பழையபடி மாற்றிய பிறகு, ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் ஜெசிந்தாவும் மில்லிக்கனுக்குப் போனோம். நான் தனியாகப் போகிறேன் என்றுதான் முதலில் சொன்னேன். அவர் வராவிட்டால் கதவு திறக்குமோ என்ற பயத்தில் பிறகு நானே கூப்பிட்டேன்.

சண்முகம் அண்ணை முன்னறையில், ஜன்னலோரக் கதிரையில் இருந்தார். மூக்கில் குழாய். இயந்திரம் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன சொற்கள் பாதியில் நின்றுவிட்டன.

"உமக்கு என்ன தெரியும்" என்றார். "இவ போடத்தான் சொன்னவ. நான்தான் நிப்பாட்டுவிச்சனான். மகன் விடிய எழும்பி ஒஷாவாவுக்கு ஓடுறான். நான் இதில இருந்து மூச்சு விட, அதுக்கும் சேத்து அவன் உழைக்கவேணும்."

"அந்த அஞ்சு மணித்தியாலமும் இது ஓடினா ஒரு கோப்பிக் காசும் வராது அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. "அதை நீர் அண்டைக்குச் சொல்லேல்லையே" என்றார்.

சொல்லவில்லை. புஷ்பமக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். முதலில் ஜெசிந்தாவுக்கு, பிறகு எனக்கு.

குடித்து முடிக்கும்போது சண்முகம் அண்ணை கேட்டார். "இப்ப பின்னேரம்தானே. இந்த நேரம் கரண்ட் என்ன விலை?"

"இப்ப உங்களுக்கு நேரக் கணக்கு இல்லை அண்ணை. விடியவோ, பின்னேரமோ, எப்ப பாவிச்சாலும் ஒண்டுதான்."

அவர் என் முகத்தில் இருந்து பார்வையை எடுத்து, மெதுவாக ஜெசிந்தாவின் பக்கம் திரும்பினார். ஜெசிந்தா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணை சொன்னாச் சரிதான் அங்கிள்" என்றார்.

அப்போதுதான் அவர் தலையாட்டினார். கதிரையில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, குழாயைச் சரிசெய்துகொண்டார். அந்தத் தலையாட்டல் ஜெசிந்தாவுக்கு. எனக்கு அது வேண்டும்போல இருந்தது, இப்போது எழுதும்போதும் வேண்டும்போல இருக்கிறது. நான் என் கோப்பையைக் கையில் வைத்தபடி, அவருடைய நெஞ்சு சீராக ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.